தெருவில் பிறந்த சொற்கள்

சென்ற வருடம் ஒரு பேச்சுப் போட்டியில், “என் உம்மம்மா மௌத்தான அன்று…” என்று தொடங்கினேன். முன்வரிசையில் இருந்த ஒருவர், “இது என்ன தமிழ்?” என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டுச் சிரித்தார். அடுத்த வரி எனக்கு மறந்துபோனது. வீட்டிலும் தெருவிலும் பேசும் சொற்களைத் தாழ்வாக எண்ணுவது நம்மிடம் மட்டும்தானா? இக்கேள்விக்கு விடை தேடியபோது, கிழக்கு ஆபிரிக்க நாடான கென்யாவின் பேச்சு வழக்கைப் பற்றி அறியக் கிடைத்தது.

கென்யாவில் 40க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. 2010ஆம் ஆண்டின் அரசியலமைப்பின்படி சுவாஹிலி தேசிய மொழி. சுவாஹிலியும் ஆங்கிலமும் அரசகரும மொழிகள். தலைநகர் நைரோபியின் கிழக்குப் பகுதிக் குடியிருப்புகளில் பல இனத்துப் பிள்ளைகள் ஒன்றாக வளர்ந்தார்கள். அவர்கள் இவ்விரு மொழிகளோடு தங்கள் தாய்மொழிகளையும் கலந்து பேசியதில் உருவானதே ‘ஷெங்’. மாணவரின் கட்டுரைகளை இது கெடுக்கிறது என்று அங்குள்ள ஆசிரியர்களும் குறைகூறுவதுண்டு. ஆனால், அந்நாட்டுத் தெருச் சொற்கள் சிலவற்றின் பிறப்பைப் பாருங்கள்.

அங்கு தனியார் சிறு பஸ்ஸுக்குப் பெயர் ‘மடாட்டு’. சுவாஹிலியில் ‘டாட்டு’ என்றால் மூன்று. ஆரம்பத்தில் கட்டணம் மூன்று பத்துச்சத நாணயங்களாக இருந்ததால் இப்பெயர் வந்தது என்பர். கட்டணம் பல மடங்கு ஏறிவிட்டது. பெயர் மட்டும் பழைய விலையிலேயே ஓடுகிறது. ஷெங் பேசும் இளைஞரோ ‘டாட்டு’வை எடுத்துவிட்டு, ஆங்கில மூன்றைச் சேர்த்து ‘மத்ரீ’ என்கிறார்கள்.

வாடகை மோட்டார் சைக்கிளுக்கு ‘போடாபோடா’ என்று பெயர். முன்னர் கென்ய - உகண்டா எல்லையில் சைக்கிளில் ஆட்களை ஏற்றியவர்கள், எல்லையைக் குறிக்கும் ‘போர்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கூவி அழைத்தார்களாம். அந்தக் கூவலே பெயராகிவிட்டது.

என் மனதைத் தொட்டது ‘ஜுவா காலி’. நமது காலி நகரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை! ‘ஜுவா’ என்றால் சூரியன். ‘காலி’ என்றால் கடுமை. கூரையில்லாத வெளியில், சுட்டெரிக்கும் வெயிலில் தகரம் தட்டிப் பெட்டியும் அடுப்பும் செய்யும் தொழிலாளரை இப்படி அழைத்தார்கள். பின்னர் அவ்வகைச் சிறுதொழில் முழுவதற்குமே அது பெயரானது. 1972இல் சர்வதேச தொழில் அமைப்பு கென்யாவைப் பற்றி வெளியிட்ட அறிக்கையே, நாம் பொருளியலில் படிக்கும் ‘முறைசாராத் துறை’ என்ற கருத்தை உலகறியச் செய்தது. பாடநூற் சொல் ஒரு துறையைக் காட்டுகிறது. தெருச் சொல்லோ உழைப்பவரின் தலைமேல் காயும் வெயிலையும் காட்டுகிறது.

இன்னொரு சொல் ‘போலே’. யாராவது தடுக்கி விழுந்தாலும், களைத்து வந்தாலும், உறவினரை இழந்தாலும் “போலே” என்பார்கள். இது தவறு செய்தவர் கேட்கும் மன்னிப்பு மட்டுமல்ல. “உங்கள் கஷ்டம் எனக்கும் விளங்குகிறது” என்ற ஆறுதலும்கூட.

சுவாஹிலி என்ற பெயரே கடற்கரைகளைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. இந்து சமுத்திரத்தில் வணிகம் செய்தோர் கொண்டுவந்த அரபுச் சொற்கள் அக்கரையிலும் இக்கரையிலும் தங்கிவிட்டன. நாம் கிதாபு என்பதை அவர்கள் ‘கிடாபு’ என்கிறார்கள். நமது ஸபர் அங்கே ‘சபாரி’. நமது வக்து அங்கே ‘வகாட்டி’. மரணத்துக்கு அவர்களிடமுள்ள ஒரு சொல் ‘மௌட்டி’!

பரீட்சையில் எழுத்துத் தமிழில்தான் எழுத வேண்டும். அதை நன்றாகக் கற்பது நம் கடமை. அதற்காக வீட்டுச் சொற்களைக் கண்டு வெட்கப்பட வேண்டியதில்லை. “இது என்ன தமிழ்?” என்று இனி யாராவது கேட்டால், “கடல் கடந்து வந்து, எங்கள் உம்மம்மாமார் பேசிய தமிழ்” என்று சொல்வேன்.