தொடரேட்டுச் சமூக வலையும் பொதுமக்களும்

காணி உறுதியொன்று முடிக்கப்படுங்கால் அதன் படிகள் காணிக்காரர் கையிலும், நொத்தாரிசின் பேணுகையிலும், காணிப் பதிவுக் கந்தோரிலும் சென்று சேர்கின்றன. ஒரு படி கறையானுக்கு இரையாயினும் ஏனையவை சான்று பகரும். ஒல்லாந்தர் காலத்துத் தோம்பினை அறிந்த யாழ்ப்பாணத்தார்க்குப் பிளாக்செயின் எனப்படும் தொடரேடு முற்றும் புதியதன்று. ஒரே ஏட்டின் படிகள் உலகெங்குமுள்ள பல கணினிகளிற் பேணப்படுகின்றன. ஒவ்வொரு பக்கமும் முந்திய பக்கத்தின் கணித முத்திரையைத் தாங்குதலால், இடையே ஓரெழுத்தை மாற்றினும் பின்வரும் பக்கங்கள் பொருந்தாது அதனைக் காட்டிக்கொடுக்கும்.

2009 இல் பிட்கொயின் என்னும் நாணயக் கணக்கிற்கென நடைமுறைக்கு வந்த இம்முறையை, 2016 இல் நெட் ஸ்கொற், டான் லாரிமர் ஆகியோர் எழுத்துலகிற் புகுத்தி ‘ஸ்டீமிற்’ என்னும் சமூக வலையை நிறுவினர். எழுதுவோர்க்கும், நல்லெழுத்தைத் தேர்ந்து வாக்களிப்போர்க்கும் நாணயம் கிடைத்தது. ஒரு கும்பனியின் விருப்பால் எழுத்து அழியாது என்பது அதன் தனிப் பெருமை. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்பிரலிலும் இலங்கையில் முகநூல் முதலியன முடக்கப்பட்டமையைக் கண்டோர்க்கு இப்பெருமை எளிதில் விளங்கும். ஒரு வாயிலை முடக்குதல் இங்கும் இயலும். ஆயின் அதே ஏட்டை வேறு வாயில்களாலும் திறக்கலாம்.

இருந்தும் பொதுமக்கள் அங்குத் திரளவில்லை. முதற் காரணம் பணம். ஒருவர் முடக்கிவைத்த நாணயத்தின் அளவே அவர் வாக்கின் நிறையாயிற்று. 2020 பெப்ரவரியில் ஜஸ்ரின் சன் என்னும் செல்வர் ஸ்டீமிற் கும்பனியை வாங்கினார். அடுத்த மாதம், நாணயச் சந்தைகளில் வாடிக்கையாளர் வைப்பிலிட்டிருந்த நாணயங்களும் அவர் பக்கத்து வாக்குகளாகி, ஏட்டைக் காத்துவந்தோர் விலக்கப்பட்டனர். அவர்கள் மார்ச் 20 இல் ஏட்டைப் படியெடுத்து ‘ஹைவ்’ எனத் தனியே பிரிந்தனர். சனசமூக நிலையத்திற் பத்திரிகை வாசிக்க வருபவரிடம் எவரும் பங்குப் பத்திரம் கேட்பதில்லை. சமூக வலையும் எழுத்தை முன்வைத்து, நாணயத்தை வேண்டுவோர்க்கென உள்ளறையில் வைத்தல் தகும்.

இதனினும் பெரிய தடை திறவுகோல். முகநூலிற் கடவுச்சொல்லை மறந்தவர்க்குக் கும்பனி புதியதொன்று வழங்கும். தொடரேட்டிலோ வழங்குவார் இலர். நீண்ட இலக்க எழுத்துக் கோவையொன்றைத் தொலைத்தவர் தம் பெயரையும் எழுத்தையும் ஒருங்கே தொலைத்தவராவர். உறுதி தொலைந்தாற் கந்தோரிற் பிரதி பெறலாம். திறவுகோலுக்கு அத்தகைய கந்தோர் இல்லை. நாற்சந்தியில் வாழும் சாதாரண மனிதர் இப்பொறுப்பை ஏற்க அஞ்சுதல் அறியாமையன்று, விவேகமே. இதற்குப் பரிகாரம் 1979 இலேயே கணித அறிஞர் ஆடி ஷமீரால் வகுக்கப்பட்டுள்ளது. இரகசியமொன்றை ஐந்து பங்காக்கி, எவையேனும் மூன்று சேர்ந்தாலன்றித் திறவாதவாறு அமைக்கலாம். கொக்குவிலில் உள்ள தாயார் தம் பங்குகளுள் ஒன்றைத் தமையனிடமும், ஒன்றை ரொறன்ரோவிலுள்ள மகளிடமும், ஏனையவற்றை வேறு நம்பிக்கையானோரிடமும் ஒப்படைப்பாராயின், இருவர் கூடிச் சதி செய்யினும் பயனில்லை. இருவர் பங்கு அழியினும் இழப்பில்லை. இவ்வேலையைப் பயனர் கணக்குத் தொடங்கும்போதே மென்பொருள் தானாகச் செய்துதரல் வேண்டும்.

அழியாமையும் சிலவேளை தீங்காகும். பதினாறு வயதிற் சினத்தால் எழுதிய வாசகம் கலியாணப் பேச்சின்போது எதிர்நிற்கலாம். 2018 இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியச் சட்டம் தம்மைப் பற்றிய தரவை அழிக்கக் கோரும் உரிமையை மக்களுக்கு வழங்குகின்றது; தொடரேடு அதற்கு எளிதில் இணங்காது. ‘ஃபார்காஸ்டர்’ என்னும் வலை இதற்கொரு வழி கண்டது. பயனரின் அடையாளத்தை மட்டும் பொதுத் தொடரேட்டிற் பதிந்து, அவர் எழுதுவனவற்றை வேறு கணினிகளில் வைத்தது. எழுதியவர் நீக்குமாறு கட்டளையிடின் செய்தி மறையும். அவர் பதிவெண் மட்டும் ஏட்டில் நிற்கும்.