வேகம் மீறும் காற்றாலையும் இறக்கை நுனி பிரேக்கும்

ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு வழியாகப் பயணிப்பவர்கள் பார்க்கும் காற்றாலைகள் அமைதியாகச் சுழல்வது போலத் தோன்றும். ஆனால் அவற்றை வடிவமைப்பவர்கள் அதிகம் அஞ்சுவது காற்று வீசாத நாளை அல்ல. காற்று அளவுக்கு மீறி வீசும் நாளைத்தான். நற்செய்தியாக வரும் காற்றைப் பற்றியும், ஆத் கூட்டத்தாரை அழித்த காற்றைப் பற்றியும் திருக்குர்ஆன் கூறுகிறது. காற்றாலைப் பொறியாளருக்கு இவ்விரண்டுமே அன்றாடக் கணக்கு.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகிறது. நொடிக்கு 6 மீட்டரில் வீசிய காற்று 12 மீட்டரைத் தொட்டால் இதுதான் நிலை. இந்த ஆற்றலை ஜெனரேட்டர் வாங்கி மின்தொகுப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் வரை பிரச்சினை இல்லை. பலத்த காற்றில் திடீரென மின்தொகுப்பு அறுந்தால், இறக்கைகளைப் பிடித்து வைத்திருந்த சுமை ஒரே கணத்தில் இல்லாமல் போகும். சில நொடிகளில் சுழற்சி எகிறும். சுழற்சி இரட்டிப்பானால் இறக்கையை வெளியே பிய்த்து இழுக்கும் விசை நான்கு மடங்கு. டென்மார்க்கின் ஹார்ன்ஸ்லெட்டில் 2008 பிப்ரவரி 22 அன்று பிரேக் செயலிழந்த ஒரு காற்றாலை இப்படித்தான் வெறிபிடித்துச் சுழன்று, இறக்கை உடைந்து கோபுரத்தில் மோத, சிதறி விழுந்தது. அந்தக் காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

'பிரேக் போட்டால் நிற்காதா?' என்று கேட்கலாம். பல காற்றாலைகளில் வட்டத் தகடு பிரேக், கியர்பாக்ஸுக்குப் பின்னால் வேகமாகச் சுழலும் தண்டில் இருக்கிறது. இடையில் கியர் உடைந்தாலோ தண்டு முறிந்தாலோ அதனால் பயனில்லை. புயல் காற்றில் அது மட்டுமே இழுத்துப் பிடித்தால் தகடு பழுக்கக் காய்ந்து, தீப்பொறி பறந்து, உச்சியிலுள்ள எந்திர அறையே எரிந்துபோகலாம். ஆகவே தடுப்பு இறக்கையிலேயே இருக்க வேண்டும்.

இந்த எண்ணம் பழையது. காற்றில் சுழலும் மாவாலைகள் சீஸ்தான் பகுதியில் இருந்ததை 10ஆம் நூற்றாண்டிலேயே அல்-மஸ்ஊதியும் அல்-இஸ்தக்ரியும் பதிவு செய்துள்ளனர். 1772இல் ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ மெய்க்கில், மாவாலைப் பாய்களில் ஜன்னல் பலகை போன்ற தடுப்புகளை ஸ்பிரிங்குடன் பொருத்தினார். காற்று முரண்டினால் பலகைகள் தாமே திறந்து அதைக் கடந்துபோக விட்டன.

நவீன வடிவத்தைத் தந்தவர் டென்மார்க்கின் ஜொஹானஸ் யூல். 1957இல் கெட்ஸர் என்ற ஊரில் அவர் அமைத்த 200 கிலோவாட் காற்றாலையின் மூன்று இறக்கைகளும் தண்டில் அசையாதபடி பொருத்தப்பட்டவை. காற்று அதிகமானால் இறக்கையின் பின்புறம் காற்றோட்டம் கலைந்து உந்துதல் தானே குறையும். அழகான ஏற்பாடுதான். ஆனால் சுழற்சி சீராக இருந்தால்தான் அது நடக்கும். மின்தொகுப்பு அறுந்து இறக்கை வேகமெடுத்தால் காற்றோட்டம் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். உந்துதல் இன்னும் கூடும். அதனால்தான் யூல் இறக்கையின் நுனிப் பகுதியைத் தனியாக்கி, வேகம் மீறினால் அது திரும்பும்படி செய்தார்.

பிற்காலக் காற்றாலைகளில் இந்த நுனி, இறக்கைக்குள் செல்லும் ஒரு தண்டில் நிற்கிறது. எண்ணெய் அழுத்தம் அதை உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும். அழுத்தம் போனால் சுழற்சியின் விசையே நுனியை வெளியே தள்ளும். தண்டிலுள்ள திருகுப் பள்ளம் அதை ஏறத்தாழ 90 பாகை திருப்பிவிடும். காற்றைக் கிழித்துச் சென்ற பகுதி இப்போது பலகை போல எதிர்த்து நிற்கும். அதிக வேகமும் நீண்ட நெம்புகோல் தூரமும் நுனியில்தான் என்பதால் சிறு துண்டே போதும். மின்சாரம் இல்லாதபோதும் இது வேலை செய்யும் என்பதே இதன் பெரிய சிறப்பு. வேகம் மீறினால் தானே திறந்து எண்ணெயை விடும் வால்வும் சேர்ந்தால், கணினி உறங்கினாலும் பாதுகாப்பு உறங்காது.

1990களில் தென் தமிழகத்தில் நிறுவப்பட்ட 225, 250 கிலோவாட் காற்றாலைகள் பலவற்றில் இத்தகைய நுனி உண்டு. துருவும் தூசியும் ஏறி மூன்றில் ஒன்று சிக்கிக்கொண்டால் சுழற்சி சமநிலை இழந்து குலுங்கும். எனவே காற்றுக் காலம் தொடங்கும் முன் நுனிகளைச் சோதிப்பது அவசியம். இன்றைய பெரிய காற்றாலைகளில் இறக்கை முழுவதுமே திரும்பும். மூன்றுக்கும் தனித்தனி சேமிப்பு ஆற்றல் உண்டு.

வீட்டு மாடியில் சிறு காற்றாலை வைக்க விரும்புவோர் இறக்கையை வெட்டி நுனி செய்ய முயல வேண்டாம். ஒரு சிறு எடை வேறுபாடும் அதிர்வில் முடியும். காற்று மிகுந்தால் வால் மடங்கி முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வகையே பொருத்தமானது. ஜெனரேட்டர் கம்பிகளை ஒன்றாக இணைத்து நிறுத்துவது மென்காற்றில் சரி. புயலில் சுருள் கருகிவிடும், பிறகு பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது.