எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு குட்டிக் குளம்



கொல்லையில் குழி தோண்டித் தண்ணீர் தேக்கியிருக்கிறேன் என்று சொன்னதும் வகுப்பில் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டீர்கள். "கொசு வராதாடி?" எங்க அம்மாவும் அதையேதான் கேட்டார்கள். அவர்கள் பயந்ததில் நியாயம் இருக்கு. போன வருஷம் என் தம்பிக்கு டெங்கு வந்து 6 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். "புழு பெருகினா குழியை மூடிருவேன், அழக்கூடாது" என்று சொல்லித்தான் தோண்ட விட்டார்கள்.

எதற்குக் குளம்? எங்கள் தெரு ஊருணி சீமைக்கருவேலம் முளைத்து மேடாகிப் போச்சு. தவளைச் சத்தமே இல்லாத மழைக்காலம் என்ன மழைக்காலம் என்று அப்பத்தா புலம்புவார்கள். அதற்காகத்தான்.

நீளம் 6 அடி, அகலம் 4 அடி, நடுவில் 2 அடி ஆழம். மரத்தடியில் தோண்டாதீர்கள். இலை விழுந்து அழுகித் தண்ணீர் நாறும். எங்கள் மண் செம்மண், தண்ணீர் நிற்காது. முதலில் உரச்சாக்கைப் பிரித்து விரித்தேன். விடிஞ்சு பார்த்தா சேறுதான் இருந்தது! பிறகு மாமா ஒரு பழைய தார்ப்பாய் கொடுத்தார். அதை விரித்து, ஓரத்தில் கல் வைத்து, அடியில் கொஞ்சம் கண்மாய்க் களிமண் போட்டோம். குடிதண்ணீரை ஊற்றவில்லை, அப்பத்தா கொன்னுருவாங்க. ஐப்பசி மழையில் ஓட்டுக் கூரையிலிருந்து விழும் தண்ணீரைத் தகரம் வைத்துத் திருப்பிவிட்டேன். இரண்டு மழையில் நிறைந்துவிட்டது.

நான் செய்த பெரிய தப்பு ஒன்று உண்டு. நாலு கரையையும் சுவர் மாதிரி செங்குத்தாக வெட்டிவிட்டேன். மூன்றாம் நாள் ஒரு அணில் குஞ்சு விழுந்து, ஏற முடியாமல் செத்து மிதந்தது. அன்னைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே ஒரு பக்கத்தைச் சரித்து, படி மாதிரி கல் அடுக்கினேன். தம்பி சின்னப் பையன் என்பதால் சுற்றிலும் படலும் கட்டியாச்சு. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் படல் கட்டாமல் குளம் வேண்டவே வேண்டாம்.

இப்போது கொசு விஷயம். ஐந்தாம் நாள் வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு பார்த்தேன். கூத்தாடிப் புழு 14! அம்மா மண்வெட்டியை எடுத்துவிட்டார்கள். கொசு முட்டை பொரிந்து, புழுவாகி, கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாள் ஆகும் என்று அறிவியல் ஆசிரியர் சொல்லியிருந்தார். அதைச் சொல்லி மூன்று நாள் தவணை கேட்டேன். அன்று சாயங்காலமே மாமா வாய்க்காலில் துண்டு விரித்து 10 மீன் பிடித்து வந்தார். விரல் நீளம்தான், தலையில் வெள்ளிப் பொட்டு வைத்த மாதிரி இருக்கும். மேல்தண்ணியிலேயே திரியும். மறுநாள் கிண்ணத்தில் 3 புழு. மூன்றாம் நாள் ஒன்றுகூட இல்லை. அம்மா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள், உள்ளே கொண்டுபோகவில்லை.

கொசுவுக்கு கம்பூசியா மீனும் விடுவார்கள். அது அமெரிக்க மீன், தலைப்பிரட்டையையும் கடித்துத் தின்னும். அதனால் நம்ம ஊர் மீனே போதும். ஆனால் டெங்குக் கொசு முக்கியமாக முட்டையிடுவது டயர், சிரட்டை, சிமெண்டுத் தொட்டி இவற்றில்தான். அந்த முட்டை காய்ந்தும் பல மாதம் உயிரோடு கிடக்கும். ஆகவே தண்ணியைக் கொட்டினால் மட்டும் பத்தாது, தொட்டியைத் தேய்த்துக் கழுவணும். எங்கள் வீட்டுத் தொட்டியை இப்போது ஞாயிறுதோறும் நான்தான் தேய்க்கிறேன். குளத்துக்கு நான் கொடுக்கும் வாடகை அது.

யாரெல்லாம் வந்தார்கள் தெரியுமா? முதலில் தேரை. பாசிமணி கோத்த மாதிரி கறுப்பு முட்டைகளை இரண்டு சரமாக விட்டுப் போனது. அப்புறம் மஞ்சள் தட்டான் வாலால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு முட்டையிட்டது. தட்டான் குஞ்சும் தண்ணீரில்தான் வளரும், கூத்தாடிப் புழுவைத் தின்னும். இந்த மஞ்சள் தட்டான்கள் நம் நாட்டிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று சார்லஸ் ஆண்டர்சன் என்பவர் 2009-ல் எழுதியிருக்கிறாராம். எங்க கொல்லையில் பிறந்தது எங்கே போயிருக்குமோ!

கார்த்திகையில் ஒரு ராத்திரி "கொர்ர்" என்று ஒரு சத்தம். அப்பத்தா பாயில் எழுந்து உட்கார்ந்து, "நம்ம வீட்டுலயா?" என்று கேட்டார்கள். நம்ம வீட்டுலதான்.

குளத்தில் வேலம்பாசி நிறையப் பெருகியிருக்கிறது. தலைப்பிரட்டை ஒளிந்துகொள்ள நல்லது. வேண்டுமென்றால் மதிய இடைவேளையில் கேளுங்கள். பாட்டில் நீங்கள்தான் கொண்டு வரணும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி