கடலில் மூழ்கிய ராணுவ விமானம்: எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், தூக்குவது ஏன் கஷ்டம்?

திண்டுக்கல் பக்கம் கிணத்துல வாளி விழுந்துட்டா, பாதாளக்கரண்டியை இறக்கித் துழாவுவாங்க. கொக்கியில் வாளி மாட்டும்வரை கயிற்றை இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்ப்பார்கள். கடலில் விழுந்த விமானத்தைத் தேடுவதும் அடிப்படையில் இதே வேலைதான். என்ன, இந்தக் கிணத்துக்குச் சுவர் கிடையாது.

2016 ஜூலை 22 காலை, தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்-32 விமானம் வங்கக் கடலுக்கு மேலே ரேடாரிலிருந்து மறைந்தது. உள்ளே 29 பேர். கப்பல்கள், விமானங்கள், நீர்மூழ்கிக் கப்பல் என்று எல்லாம் போட்டுத் தேடியும் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. செப்டம்பரில், 29 பேரும் இறந்துவிட்டதாகக் கருதப்படுவதாகக் குடும்பங்களுக்கு விமானப்படை தெரிவித்தது. அடக்கம் செய்ய உடல் இல்லை, விழுந்தது எந்த இடம் என்றும் தெரியாது.

ஏன் கிடைக்கவில்லை?

முக்கியக் காரணம், தண்ணீருக்குள் கிடந்து 'டிக் டிக்' என ஒலி எழுப்பும் 'பிங்கர்' கருவி அந்த விமானத்தில் பொருத்தப்படவில்லை. அதற்கு முந்தைய வருஷக் கதையைப் பாருங்கள். 2015 ஜூன் 8 இரவு கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் மூன்று பேருடன் கடலூர் பக்கத்துக் கடலில் காணாமல் போனது. அதன் கருவி எழுப்பிய ஒலியை ஐ.என்.எஸ். சிந்துத்வஜ் நீர்மூழ்கி பிடித்தது. அதை வைத்து, ரிலையன்ஸ் நிறுவனத்தின் 'ஒலிம்பிக் கேன்யன்' கப்பல் ஆளில்லா கருவியை இறக்கி, ஜூலையில் சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் பாகங்களைக் கண்டுபிடித்தது. கறுப்புப் பெட்டியும் மேலே வந்தது. அந்த ரகக் கருவியின் பேட்டரி சுமார் 30 நாள்தான் தாங்கும். அதற்குப் பிறகு கடல் ஊமை.

ஏ.என்-32-க்கு ஏழரை வருஷம் ஆனது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீர்மூழ்கி வாகனம், கரையிலிருந்து சுமார் 310 கி.மீ. தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதறிய பாகங்களைப் படம் பிடித்தது. 2024 ஜனவரி 12 அன்று பாதுகாப்பு அமைச்சகம் இதை அறிவித்தது. ஆழ்கடல் கனிமம் தேட வாங்கிய வாகனம் அது! ஆழம் புரிய ஒரு கணக்கு: கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அந்த மலையையே கடலில் கவிழ்த்தாலும் அடியைத் தொட இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வேணும்.

அதே விமானம்தான்னு எப்படிச் சொல்றாங்க?

முதலில் சோனார் ஒலி அலை கடல் தரையை வரைபடமாக்கும். சந்தேகப்படும் இடத்துக்கு மேல் கேமரா போகும். படத்தில் தெரிந்த பாகங்கள் ஏ.என்-32-உடன் ஒத்துப்போயின, அந்தப் பகுதியில் வேறு விமானம் காணாமல் போனதாகப் பதிவே இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வந்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் விமானங்களில் இது இவ்வளவு சுலபமில்லை. ஒரே கடலில் ஒரே ரகத்தில் பல விமானங்கள் விழுந்திருக்கும். வண்ணமும் வால் எண்ணும் உப்புத் தண்ணீரில் உரிந்துபோகும். இன்ஜின் மேல் தட்டிய எண், உற்பத்தித் தகடு, இவைதான் கடைசி சாட்சி.

கிடைச்சாச்சுல்ல, தூக்கிட வேண்டியதுதானே?

1940-ல் சுட்டு வீழ்த்தப்பட்ட ஜெர்மனியின் டோர்னியர் 17 ஒன்றை 2013 ஜூனில் இங்கிலாந்துக் கடலிலிருந்து தூக்கினார்கள். (ஆமா, அதே டோர்னியர் கம்பெனிதான், நம்ம ஊர் டோர்னியர் கான்பூரில் தயாரானது.) ஆழம் இருபது மீட்டருக்கும் குறைவு. தூக்கியது பெரிதில்லை, பிறகுதான் பாடு. அலுமினியத்துக்குள் ஊறிய உப்பு, காற்று பட்டதும் உலோகத்தை அரிக்கத் தொடங்கிவிடும். அதனால் கூடாரத்துக்குள் வைத்து, எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலக் கரைசலை மாதக்கணக்கில் தெளித்துக்கொண்டே இருந்தார்கள்.

3,400 மீட்டரில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல 340 மடங்கு. மனிதர் நீந்திப் போக முடியாது. எந்திரக் கைதான் ஒவ்வொரு துண்டாகப் பொறுக்க வேண்டும். மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்ப 'மத்ஸ்யா 6000' என்ற வாகனத்தை அதே பள்ளிக்கரணை நிறுவனம்தான் உருவாக்கி வருகிறது.