செங்கம்பளத்தில் ஒரு சிப்பியின் வெளிச்சம்

ஆஸ்கர் விழா அமெரிக்காவில் ஞாயிறு மாலை நடக்கும். தூத்துக்குடியில் அப்போது திங்கள் விடிகாலை. பரிசு யாருக்கு என்று மட்டும் அறிய விரும்புகிறவர்கள் மெதுவாக எழுந்தால் போதும். யார் என்ன உடுத்தி வந்தார்கள் என்று பார்க்கிறவர்கள்தான் இருட்டோடு எழுந்து டி.வி. முன்னால் உட்கார வேண்டும். செங்கம்பள வரவேற்பு முதலிலேயே முடிந்துவிடும். எனக்கு இரண்டும் வேண்டும். 2009இல் ஏ.ஆர். ரகுமான் அந்த மேடையில் தமிழில் பேசியதும், 2023இல் முதுமலை யானைக் குட்டியின் கதை குறும்பட ஆவணப் பிரிவில் வென்றதும் எனக்குப் பெருமகிழ்ச்சி. ஆனாலும் முத்துநகர் என்று பெயர் வாங்கிய ஊரில் இருந்துகொண்டு பார்த்தால், அங்கே யார் கழுத்தில் முத்து இருக்கிறது என்று கண் தானாகத் தேடத்தான் செய்யும்.

அப்படித் தேடிய கண்ணுக்கு 2015 பிப்ரவரி 22 ஒரு விருந்து. முந்தைய ஆண்டு சிறந்த துணை நடிகையாக வென்ற லுபிடா நியாங்கோ, இந்த முறை துணை நடிகர் விருதை ஜே.கே. சிம்மன்ஸுக்குக் கொடுக்க வந்திருந்தார். அவர் அணிந்திருந்தது கால்வின் கிளைன் நிறுவனத்துக்காக பிரான்சிஸ்கோ கோஸ்டா வடிவமைத்த வெள்ளை கவுன். அதில் சுமார் 6,000 முத்துகள். கழுத்தைச் சுற்றிக் கோத்து, முதுகில் சரம் சரமாக இறக்கியிருந்தார்கள். அவர் திரும்பும்போது சரங்கள் தோளில் புரண்டன. கருநிறத் தோளில் அந்த வெண்மை எடுத்த எடுப்பை இன்னும் மறக்க முடியவில்லை.

விழா முடிந்த சில நாளில் அந்த உடை ஹோட்டல் அறையிலிருந்து திருடு போனது. பிறகு அதே ஹோட்டலின் குளியலறை ஒன்றில் கிடைத்தது. இரண்டு முத்தைப் பிரித்துக் கொண்டுபோய்க் காட்டியதாகவும், அவை போலி என்று தெரிந்ததால் உடையைத் திரும்பப் போட்டுவிட்டதாகவும், திருடியவன் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் செய்தித் தளம் ஒன்றுக்குத் தகவல் கொடுத்தார். அகோயா முத்துகள் என்றுதான் முதலில் செய்தி வந்திருந்தது. அசலுக்கும் போலிக்கும் உள்ள வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று அன்றைக்குப் படிக்க ஆரம்பித்தேன். வெளிச்சத்தை வாங்கித் திருப்பிக் கொடுக்கும் விதத்தில்தான் இருக்கிறது.

சிப்பியின் ஓட்டுக்கும் உடலுக்கும் நடுவில் மேன்டில் என்ற மெல்லிய சதைப்படலம் இருக்கிறது. ஓட்டைக் கட்டுவது அதுதான். கடல்நீரிலிருந்து எடுத்த கால்சியத்தைக் கார்பனேட்டாக மாற்றி, அரகோனைட் என்ற படிகத் தகடுகளாக அடுக்குகிறது. ஒவ்வொரு தகட்டின் தடிமன் சுமார் அரை மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. தகடுகளுக்கு நடுவே புரதமும் கைட்டினும் கலந்த மெல்லிய பசை. கொத்தனார் செங்கல் அடுக்கிச் சாந்து பூசுவது போன்ற வேலை, கண்ணுக்குத் தெரியாத அளவில். பொருள் என்று பார்த்தால் இது வெற்றிலைக் கடைச் சுண்ணாம்புக்கு நெருங்கிய சொந்தம். அழகு முழுக்க அடுக்கில் இருக்கிறது.

நாம் காணும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. தகட்டின் தடிமனும் ஏறத்தாழ அதே அளவு. விழா மேடையின் விளக்கொளி முத்தின் மேல் விழும்போது கொஞ்சம் முதல் தகட்டிலேயே திரும்பிவிடும். மீதி உள்ளே இறங்கி இரண்டாவது தகட்டில் கொஞ்சம், மூன்றாவதில் கொஞ்சம் என்று பல ஆழங்களிலிருந்து திரும்பும். இப்படித் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வந்தால் அந்த நிறம் தூக்கலாகும். முரண்பட்டு வந்தால் மங்கும். பார்க்கும் கோணம் மாறினால் கூடும் நிறமும் மாறும். வெள்ளை முத்தின் மேல் ஒரு நொடி ரோஜா நிறமும் மறுநொடி இளம்பச்சையும் ஓடுவது இதனால்தான். பளபளப்பு மேலே பூசியதாக இல்லாமல் உள்ளிருந்து வருவதாகத் தோன்றுவது பிரமை அல்ல. உண்மையிலேயே அது உள்ளிருந்துதான் வருகிறது.

வைரம் வேறு வகை. ஒளியை உடைத்துப் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். நூறு கேமரா ஒரே நேரத்தில் மின்னும் கம்பளத்தில் வைர அட்டிகை பல சமயம் வெறும் வெள்ளைப் பொட்டுகளாகத்தான் படத்தில் விழுகிறது. முத்து தன் உருண்டையை இழப்பதில்லை. ஒளியைப் பரப்பி, அணிந்தவரின் முகத்தையும் முன்னுக்குக் கொண்டுவருகிறது. என்னைக் கேட்டால் சினிமாவுக்கு உகந்த நகை முத்துதான்.

போலி முத்து கண்ணாடி மணியோ பிளாஸ்டிக் மணியோ. மீன் செதிலிலிருந்து எடுக்கும் குவானைன் படிகங்களைக் கலந்து மணியில் பூசும் வித்தை பதினேழாம் நூற்றாண்டிலேயே பாரிஸில் இருந்தது. பூச்சும் மின்னும், ஆனால் சில அடுக்கோடு சரி. முன்பல்லில் மெதுவாகத் தேய்த்துப் பார்த்தால் அசல் முத்து நறநறக்கும், ஏனென்றால் தகடுகளின் விளிம்புகள் பல்லில் படுகின்றன. போலி பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போகும்.

ஒரே அளவில், ஒரே நிறத்தில் 6,000 அசல் முத்துகளை நம் கடலிலிருந்து குளித்து எடுக்க முடியுமா? மன்னார் வளைகுடாவில் சிப்பி படுக்கும் பாறைத் திட்டுகளைப் பார் என்பார்கள். தூத்துக்குடிக்கு நேரே உள்ள தொலையிரம் பார் அவற்றில் பேர்பெற்றது. அந்நாளில் முத்துக் குளிப்பவர்கள் கல்லைக் கயிற்றில் கட்டி, அதில் காலை ஊன்றி, எட்டு பத்து பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்துக்கு ஒரே மூச்சில் இறங்குவார்கள். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவரின் கையில்தான் அவர்கள் உயிர். கரைக்கு வந்த சிப்பியை அழுகவிட்டுக் கழுவி முத்து எடுத்தால், துளையிட்ட பித்தளைச் சல்லடைகளில் சலித்து அளவு பிரிப்பார்கள். உருட்சியும் ஒளியும் நிறைந்தது ஆணிமுத்து. அதற்குக் கீழே குறுவல், வடிவு என்று பல தரம் இறங்கி, கடைசியில் தூள். குவியல் குவியலாகச் சிப்பி உடைத்தாலும் ஆணிமுத்து அபூர்வம். அதுவும் எல்லா வருஷமும் கிடையாது. பாரில் சிப்பி சேர்ந்தால்தான் குளிப்பு. சேராவிட்டால் பல்லாண்டு காத்திருக்க வேண்டும். 1955 முதல் தொடர்ந்து நடந்த குளிப்பு 1961ஓடு நின்றது.

மணல் விழுந்தால் முத்து விளையும் என்ற பழைய நம்பிக்கையும் பெரும்பாலும் தவறு. சிப்பி மணலோடுதான் வாழ்கிறது; வெளியே தள்ளத் தெரியும். ஒட்டுண்ணியோ காயமோ மேன்டிலின் மேல்தோல் செல்களை உடலுக்குள் தள்ளிவிட்டால், அவை அங்கேயே ஒரு பையாகச் சூழ்ந்து, ஓடு கட்டும் தங்கள் வேலையைத் தொடர்கின்றன. விலங்கியல் அறிஞர் வில்லியம் ஹெர்ட்மன் 1903 முதல் வெளியிட்ட மன்னார் வளைகுடா முத்துச் சிப்பி அறிக்கைகளில், நாடாப்புழுவின் இளம்பருவமே காரணம் என்று வாதிட்டார். எல்லா முத்துக்கும் அது பொருந்தாவிட்டாலும், மணலை விட்டுவிட்டு உயிரைத் தேடியது சரியான பாதை.

உயிருள்ள செல்கள்தான் முத்தைக் கட்டுகின்றன என்பதே வளர்ப்பு முத்துக்கும் அடிப்படை. ஜப்பானில் மிகிமோட்டோ 1893இல் அரைக்கோள முத்தை விளைவித்தார். உருண்டை முத்து அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. நன்னீர் மட்டியின் ஓட்டைக் கடைந்த மணி ஒன்று, வேறொரு சிப்பியின் மேன்டிலில் வெட்டிய சிறு துண்டு ஒன்று. இரண்டையும் உயிருள்ள சிப்பிக்குள் அறுவை செய்து வைத்தால் அது முத்துப்பை கட்டும். மணியின் மேல் அரை மில்லிமீட்டர் படிந்தால் ஆயிரம் அடுக்கு. ஜப்பானில் குளிர்காலத்தில் அறுவடை செய்கிறார்கள்; குளிர்ந்த நீரில் சிப்பி மெதுவாக, மெல்லிய தகடாக வைப்பதால் கடைசி அடுக்குகளின் பளபளப்பு கூடும்.

அங்கே அகோயா முத்து தருகிற சிப்பி, நம் பாரில் கிடக்கும் பிங்க்டாடா ஃபுகாட்டாவின் மிக நெருங்கிய உறவு. அதே நுட்பத்தை இங்கே சாதித்தவர் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி. வேப்பலோடையில் நடந்த ஆய்வில் 1973 ஜூலையில் உருண்டை முத்து கிடைத்தது. 1981இல் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் வளர்க்கவும் தூத்துக்குடியில் வழி கண்டார்கள். நம் கடல் வெதுவெதுப்பானது என்பதால் இங்கே முத்து ஜப்பானைவிட வேகமாகப் பருக்கிறது.

அறிவு கைக்கு வந்தும் பெரிய தொழிலாக அது எழாததற்கு முக்கியக் காரணம் கரையின் அமைப்பு. ஜப்பானில் மலைகள் சூழ்ந்த அமைதியான குடாக்கள் இருக்கின்றன, மிதவையில் கூண்டு தொங்கவிடலாம். நம் கரை திறந்த கரை. பருவக்காற்று எழுந்தால் மிதவை தாங்காது. இந்தத் தடையைத் தாண்டும் வழியை ஆராய்ச்சி கண்டடைய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அடுத்த முறை இந்தியப் படம் ஒன்று ஆஸ்கருக்குப் போகும்போது, அதன் நடிகை தூத்துக்குடிச் சிப்பி விளைவித்த முத்தைக் காதில் போட்டுக்கொண்டு அந்தக் கம்பளத்தில் நடக்க வேண்டும் என்பதும் என் நெடுநாள் ஆசை.