அந்தேரியின் கரும்பாறைக் குன்று

மாணவர்களே! நெருளிலிருந்து தொடர்வண்டியில் ஏறி, வடாலாவில் வண்டி மாறினால் அந்தேரியை அடையலாம். அங்கு மேற்குப் பகுதியில், அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே செங்குத்தான கரும்பாறை ஒன்று நிற்கிறது. அதன் பெயர் கில்பர்ட் குன்று. உயரம் ஏறத்தாழ 61 மீட்டர். பாறையில் வெட்டப்பட்ட படிகளில் ஏறினால், உச்சியில் காவ்தேவி அம்மன் கோயிலைக் காணலாம். அப்போது திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை உங்கள் நினைவுக்கு வரக்கூடும். ஆயினும் இக்குன்று பிறந்த விதம் வேறு. இது எரிமலைக் குழம்பிலிருந்து பிறந்தது.

ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இப்பகுதியில் நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு பெருகியது. சில இடங்களில் அது வெளியே வழியாமல், மேலேறிய வழியிலேயே உறைந்து இறுகியது. இவ்வாறு இறுகிய பாறைக்கு எரிமலை அடைப்பு என்று பெயர். சுற்றியிருந்த மென்மையான பாறையை மழையும் காற்றும் அரித்துவிட, கடினமான நடுப்பாறை மட்டும் எஞ்சும். மூங்கிற்குழாயை நீக்கிய பின் புட்டு நிற்பதைப் போல! கில்பர்ட் குன்றும் இவ்வகையைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது.

குன்றின் பக்கங்கள், நெடிய தூண்களை நெருக்கமாக நிறுத்தியது போல் தோன்றும். கோடையில் வற்றிய கண்மாயின் சேறு, காயும்போது சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும் அல்லவா? அதுபோலவே எரிமலைக் குழம்பும் குளிரும்போது சுருங்கி வெடிக்கிறது. அவ்வெடிப்புகள் ஆழமாக நீள்வதால் தூண்கள் உருவாகின்றன.

அமெரிக்காவில் காடு சூழ்ந்த டெவில்ஸ் டவர் என்னும் குன்றும் இத்தகைய தூண்களை உடையது. அதன் உயரம் 264 மீட்டர். 1906 ஆம் ஆண்டிலேயே அந்நாடு அதனைத் தன் முதல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்துக் காத்தது. கில்பர்ட் குன்றையோ, கல்லுக்காகப் பல ஆண்டுகள் வெட்டினர். கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையைத் தாங்கிய குன்று, மனிதர் கையில் விரைவாகக் குறுகியது. 2007 ஆம் ஆண்டில் மும்பை மாநகராட்சி இதனைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கட்டடத்திற்கான கல் வேறிடத்திலும் கிடைக்கும். வெட்டப்பட்ட குன்று மீண்டும் வளராது.

சொற்பொருள்
கண்மாய் – ஏரி
பாளம் – தட்டையான கட்டி
எஞ்சும் – மீதமிருக்கும்

வினாக்கள்
1. எரிமலை அடைப்பு எவ்வாறு உருவாகிறது?
2. பாறையில் தூண்கள் தோன்றக் காரணம் யாது?
3. கில்பர்ட் குன்றைக் காக்க நாம் செய்யத்தக்கவை குறித்து ஐந்து வரிகள் எழுதுக.