காய்ந்த பாத்தியில் எத்தனை டிகிரி?

ஆறுமுகநேரி உப்பளத்தில் டிகிரி பார்ப்பது அரை நிமிட வேலை. உயரமான பாத்திரத்தில் தண்ணீரை மொண்டு, அடிப்பக்கம் கனத்த கண்ணாடிக் குழாய் ஒன்றை அதில் மிதக்கவிட வேண்டும். தண்ணீரில் உப்பு ஏற ஏறக் குழாய் மேலே எழும்பும். தண்ணீர் மட்டத்தில் நிற்கிற கோடுதான் டிகிரி. அந்துவான் போமே என்ற பிரெஞ்சு வேதியியலர் 1768இல் வகுத்த அளவு அது. கடல்நீர் 3 டிகிரியை ஒட்டி இருக்கும். தெப்பம் எனும் தேக்கங்களை ஒவ்வொன்றாகத் தாண்டி, வெயிலில் காய்ந்து 25ஐத் தொட்டால் பாத்தியில் உப்பு விளையத் தொடங்கும். 29ஐத் தாண்டினால் மக்னீசியக் கசப்பு சேர்ந்துவிடும் என்று மீதித் தண்ணீரை வெளியே விட்டுவிடுவார்கள்.

குழாய் ஒன்றுதான். தெப்பத்தில் அது 10 காட்டினால் யாரும் பதற மாட்டார்கள்; தண்ணீர் இன்னும் பக்குவப்படவில்லை, அவ்வளவே. உப்பு விளையும் பாத்தியில் அதே 10 வந்தால் ராத்திரி மழை பெய்திருக்க வேண்டும், அல்லது யாரோ தப்பான மடையைத் திறந்திருக்க வேண்டும். சரி, பாத்தியில் தண்ணீரே இல்லை என்றால்? குழாய் தரையில் சாய்ந்து கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘பூஜ்யம் டிகிரி’ என்று நோட்டில் எழுதுகிறவர் அளத்து வேலைக்கு ஆக மாட்டார். ‘தண்ணீர் இல்லை’ என்றுதான் எழுத வேண்டும்.

லினக்ஸ் இயங்குதளத்தைச் சோதிக்கிறவர்கள் இருபது வருடத்துக்கும் மேலாகக் கட்டிவரும் ஏற்பாட்டில் பெரும்பகுதி இந்தக் கடைசி வரியைப் பற்றியதுதான்.

டிகிரி பார்க்கிறவரின் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனிலிருந்தே தொடங்கலாம். அதன் அடியாழத்தில் லினக்ஸ் கெர்னல் ஓடுகிறது. கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையம். கேமரா, நினைவகம், சிம், பேட்டரி எதையும் எந்தச் செயலியும் நேரே தொட முடியாது. கெர்னலிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அப்படிக் கேட்பதற்குப் பெயர் சிஸ்டம் கால். கோப்பைத் திற, புதிய வேலையைக் கிளப்பு, நேரம் சொல் என்று சில நூறு கோரிக்கைகள் இருக்கின்றன; ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்தபோது 1991இல் தொடங்கிய இந்தக் கெர்னலுக்கு இப்போது ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வருகிறது. கோரிக்கைப் பட்டியலும் நீண்டுகொண்டே போகிறது.

புதுப் பதிப்பு வந்தால் பழையது ஒழிந்துவிடும் என்றால் வேலை சுலபம். ஒழியாது. 2016 ஜனவரியில் வெளிவந்த 4.4 பதிப்பைப் பொதுச் சமூகம் 2022 பிப்ரவரி வரை பழுதுபார்த்துக் கொடுத்தது. அதற்குப் பிறகும் விடாமல் ஹிட்டாச்சி, சீமென்ஸ், தோஷிபா போன்றவை சேர்ந்து 2016இல் தொடங்கிய ‘சிவில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிளாட்ஃபார்ம்’ என்ற கூட்டு, 4.4ஐ 2027 ஜனவரி வரை தூக்கிச் சுமக்கிறது. மின்நிலையத்திலும் ரயில் சிக்னலிலும் பொருத்திய பெட்டியை மூன்று வருடத்துக்கு ஒருமுறை கழற்றி மாட்ட முடியாதல்லவா.

தமிழ்நாட்டிலும் இதற்குச் சாட்சி உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்பக் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது அது. பள்ளியில் வாங்கிய அந்தக் கணினியைக் கல்லூரி முடிந்தும் வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். கணினிக்கு வயதாகும்போது அதனுள் இருக்கும் கெர்னலுக்கும் கூடவே வயதாகும்.

இத்தனை வயதுக் கெர்னல்களையும் சோதிக்க ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சோதனைத் தொகுப்பு எழுதினால் ஆள் போதாது. ஒரே தொகுப்பு எல்லாவற்றிலும் ஓட வேண்டும். அப்படி ஒன்று ‘லினக்ஸ் டெஸ்ட் ப்ராஜெக்ட்’, சுருக்கமாக எல்டிபி. எஸ்ஜிஐ நிறுவனம் 2000இல் தொடங்கியது. பிறகு ஐபிஎம் கைக்கு வந்து, அதன் பராமரிப்பு சில வருடம் பெங்களூரில் நடந்தது. அங்கிருந்த லினக்ஸ் டெக்னாலஜி சென்டரின் சுப்ரதா மோடக் தொகுப்பைக் கவனித்துவந்தார். 2008இல் ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் அவரும் பல்பீர் சிங்கும் எல்டிபி பற்றிக் கட்டுரை வாசித்தார்கள். இன்று சூசே, ரெட் ஹேட், புஜித்சு போன்ற நிறுவனத்தார் சேர்ந்து நடத்துகிறார்கள். நான்கு மாதத்துக்கு ஒருமுறை தொகுப்பு வெளிவரும்; வெளியான தேதிதான் அதன் பெயர்.

ஒரு சோதனையைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். கோப்பின் அளவு, உருவான நேரம் முதலியவற்றைச் சொல்லும் ஸ்டேட்எக்ஸ் என்ற கோரிக்கை 4.11 பதிப்பில், 2017இல் வந்தது. சாதாரண இன்டெல் கணினியில் அதன் எண் 332. சோதனை ஒரு கோப்பை உருவாக்கி, தெரிந்த அளவு எழுதி, 332ஐக் கூப்பிட்டு, பதில் பொருந்துகிறதா என்று பார்க்கும். பொருந்தினால் பாஸ், இல்லாவிட்டால் ஃபெயில். இதையே 4.4 கெர்னலில் ஓடவிட்டால்? அந்தக் கெர்னலுக்கு 332 என்றால் என்னவென்றே தெரியாது. ‘ஈநோசிஸ்’ என்ற 38ஆம் பிழையைத் திருப்பித் தரும். ‘அப்படி ஒரு வேலை என்னிடம் இல்லை’ என்று அதற்குப் பொருள்.

விவரம் இல்லாத சோதனை இதை ஃபெயில் என்று எழுதிவிடும். இதுதான் காய்ந்த பாத்திக்குப் பூஜ்யம் டிகிரி போடுவது. எல்டிபியில் இதற்காகவே மூன்றாவது பதில் இருக்கிறது. டிகான்ஃப் என்று அச்சாகும். ‘இந்தக் கணினிக்கு இந்தச் சோதனை பொருந்தாது’ என்று அர்த்தம். கெர்னலின் மூலநிரலோடு கூடவே வரும் கேசெல்ஃப்டெஸ்ட் என்ற இன்னொரு தொகுப்பில் ஒவ்வொரு சோதனையும் முடியும்போது ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போகும்: 0 என்றால் பாஸ், 1 என்றால் ஃபெயில், 4 என்றால் ஸ்கிப்.

பழைய கெர்னலுக்குப் பழைய சோதனையே போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது. ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துகிறவர் அது மறுபடி முளைத்தால் காட்டிக்கொடுக்கிற மாதிரி ஒரு சோதனையையும் எழுதிவைப்பார். பிழை பத்து வருடப் பழசாக இருக்கலாம்; திருத்தம் பழைய பதிப்புகளுக்கும் போயாக வேண்டும். போய்ச் சேர்ந்ததா என்று சொல்லக்கூடியது நேற்று எழுதிய அந்தச் சோதனை மட்டும்தான். அதனால்தான் புதிய கேசெல்ஃப்டெஸ்ட்டையே பழைய ‘ஸ்டேபிள்’ பதிப்புகளிலும் ஓட்டுங்கள் என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது. எல்டிபி ஒருபடி மேல். பல சோதனைகளில் எந்தத் திருத்தத்துக்காக எழுதப்பட்டது என்ற குறிப்பும் இருக்கும். ஃபெயில் ஆனால், ‘உங்கள் கெர்னலில் இந்தத் திருத்தம் விடுபட்டிருக்கலாம்’ என்று அதன் அடையாளத்தோடு அச்சிடும். டெஸ்ட் ரிப்போர்ட்டோடு மருந்துச் சீட்டும் கொடுக்கிற லேப் மாதிரி.

இந்தக் கெர்னலில் இந்த வசதி உண்டா இல்லையா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பதிப்பு எண்ணைப் பார்த்தால் போயிற்று என்று தோன்றும். எல்டிபியிலும் ‘குறைந்தபட்சக் கெர்னல் 4.11’ என்று ஒரே வரியில் எழுத இடம் உண்டு. ஆனால் எண் பொய் சொல்லும். ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் ஏழாம் பதிப்பு 2014இல் 3.10 கெர்னலோடு வந்தது. 2024 ஜூனில் அதன் வழக்கமான ஆதரவு முடியும்வரை எண் 3.10தான். உள்ளே மட்டும் புதிய கெர்னல்களிலிருந்து வசதிகளைக் கொண்டுவந்து ஒட்டிக்கொண்டே இருந்தார்கள். இபிபிஎஃப் என்ற வசதிக்கான கோரிக்கை மூல லினக்ஸில் 3.18இல்தான் பிறந்தது; ஆனால் ரெட் ஹேட்டின் 7.6 பதிப்பில் 3.10 என்ற பலகைக்குப் பின்னாலேயே அது முன்னோட்டமாக வந்து உட்கார்ந்திருந்தது. பலகையை மட்டும் படிக்கிற சோதனை, ‘இங்கே இல்லை’ என்று தாண்டிப் போய்விடும்.

புதிய வேலையைக் கிளப்பும் குளோன்3 என்ற கோரிக்கைக்கான எல்டிபி சோதனை இதைக் கையாளும் விதம் அழகு. அந்தக் கோரிக்கை 5.3இல், 2019இல் வந்தது. கெர்னல் எண் 5.3 அல்லது அதற்கு மேல் என்றால் சோதனை நேரே வேலைக்குப் போகும். குறைவு என்றால் உடனே கிளம்பிவிடாது. வெறுங்கையோடு ஒருமுறை குளோன்3ஐக் கூப்பிட்டுப் பார்க்கும். 38ஆம் பிழை வந்தால் இல்லை என்பது உறுதி. ‘நீ கேட்டது சரியில்லை’ என்று வேறு பிழை வந்தால் உள்ளே ஆள் இருக்கிறார். பெயர்ப்பலகையை நம்பாமல் கதவைத் தட்டிப் பார்க்கிற வழி.

தட்டினாலும் பதில் ஒழுங்காக வர வேண்டுமே. நிரல்கள் கெர்னலிடம் பேச உதவும் ஜிலிப்சி என்ற நூலகத்தின் 2.34 பதிப்பு 2021 ஆகஸ்டில் வெளிவந்தது. ஒரு நிரலுக்குள்ளேயே இணையாக ஓடும் திரெட்டுகளைக் கிளப்ப அது முதலில் குளோன்3ஐக் கேட்கும். 38 வந்தால் பழைய குளோனுக்கு மாறிக்கொள்ளும். நியாயமான ஏற்பாடு. அந்த நேரத்தில் பல கணினிகளில், நிரல்களைத் தனித்தனிப் பெட்டிக்குள் அடைத்து ஓட்டும் டாக்கரின் பழைய பதிப்பு இருந்தது. அது தனக்குத் தெரியாத கோரிக்கைகளைப் பாதுகாப்புக்காக மறித்து ‘அனுமதி இல்லை’ என்று 1ஆம் பிழையைத் தந்தது. ‘இல்லை’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘தர மாட்டேன்’ என்ற பதில். ஜிலிப்சி அதை நிஜமான மறுப்பு என்றே எடுத்துக்கொண்டது. மாற்று வழிக்குப் போகவே இல்லை. ஃபெடோரா 35, உபுண்டு 21.10 ஆகிய புதிய லினக்ஸ் வெளியீடுகளைப் பழைய டாக்கருக்குள் ஏற்றியவர்களின் நிரல்கள் திரெட் கிளப்ப முடியாமல் விழுந்தன. அந்த வருடம் அக்டோபரில் வந்த டாக்கர் 20.10.10 குளோன்3க்கு 38ஆம் பிழையையே தரும்படி மாறியது. இரண்டு பதிலுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் வெறும் ஓர் எண்.

இதைவிட மோசம், பழைய கெர்னல் ஒன்றும் சொல்லாமல் தலையாட்டுவது. கோப்பைத் திறக்கும் ‘ஓபன்’ கோரிக்கை அந்த ரகம். தனக்குத் தெரியாத விருப்பக் குறியைப் பிழை என்று திருப்பாமல், பார்க்காத மாதிரி விட்டுவிடும். 2013இல் 3.11 பதிப்பில் டெம்ப்ஃபைல் என்ற குறியைச் சேர்த்தார்கள். கோப்புறைக்குள் பெயரில்லாத தற்காலிகக் கோப்பு ஒன்று வேண்டும் என்று கேட்பது அது. பழைய கெர்னல் இந்தக் குறியைக் கண்டுகொள்ளாமல் வேறு எதையாவது திறந்து கொடுத்துவிட்டால் கேட்டவருக்குத் தெரியவே தெரியாது. அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். ‘இது கோப்புறையாகத்தான் இருக்க வேண்டும்’ என்ற பழைய குறியையும் புதிய குறிக்குள்ளேயே சேர்த்துத் தைத்துவிட்டார்கள். எழுதுவதற்காகக் கோப்புறையைத் திறக்கக் கூடாது என்பது ஆதி விதி; தற்காலிகக் கோப்பைக் கேட்பதோ எழுதத்தான். ஆகவே பழைய கெர்னல் புதிய குறியை உதறினாலும், ‘கோப்புறையில் எழுத முடியாது’ என்று தன்னையறியாமல் மறுத்துவிடும். இன்னும் பிறக்காத வசதியைப் பற்றிப் பழைய கெர்னல் வாயிலிருந்து உண்மையை வரவழைத்த வேலை இது. கெர்னல் உலகில் இதற்கு ஈடான குறும்பு குறைவு.

ஓடுவதற்கு முன்பே தடுக்கி விழும் இடமும் உண்டு. பழைய கணினியில் சோதனையைக் கம்பைல் செய்யும்போது 332 என்ற எண்ணே அங்குள்ள ஹெட்டர் கோப்புகளில் இருக்காது. எல்டிபி இதற்காக லாபி என்று ஒரு கோப்புறை வைத்திருக்கிறது. உள்ளூரில் எண் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் தன் பையில் இருப்பதைப் போடும். வெளியூர்க் கல்யாணத்துக்குச் சமையல் செய்யப் போகிறவர் கரண்டி, சல்லடையைக் கையோடு கொண்டுபோகிற மாதிரி. எல்லாவற்றுக்கும் எல்லை உண்டு. எல்டிபியின் அண்மைக் கையேடு 4.4க்குக் கீழே இறங்க மறுக்கிறது.

ஸ்கிப் என்பது நல்ல பதில்தான், ஆனால் சோம்பேறிகளுக்கு வசதியான பதிலும்கூட. ஆயிரம் சோதனையில் ஃபெயில் ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தால் மேலாளர் மகிழ்ந்துபோவார். அதில் எத்தனை ஸ்கிப் என்று கேட்கிறவர் குறைவு. நிபந்தனையில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் போதும்; வசதி இருக்கிற கணினியிலும் சோதனை தாண்டிக்கொண்டே போகும், சிவப்பு விளக்கு எரியாது. ஃபெயில் ஆனால் யாராவது கத்துவார்கள். ஸ்கிப்புக்காகக் கத்துகிறவர் யாரும் இல்லை. போன வாரம் ஓடிய சோதனை இந்த வாரம் ஏன் தாண்டியது என்று ஒப்பிட்டுப் பார்ப்பவரே இந்தத் தொழிலில் கெட்டிக்காரர்.

இதெல்லாம் எங்கோ ஆய்வகத்தில் நடக்கிற சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போன் தயாரிப்பவர்கள் ஓட்டிக்காட்ட வேண்டிய விடிஎஸ் என்ற சோதனைத் தொகுப்புக்குள் எல்டிபியிலிருந்தும் கேசெல்ஃப்டெஸ்ட்டிலிருந்தும் எடுத்த சோதனைகள் இருக்கின்றன. டிகிரி குழாயைக் கழுவி வைத்துவிட்டு அளத்துக்காரர் தன் போனில் அமைப்புகளுக்குள் போய், ‘போனைப் பற்றி’ என்ற பக்கத்தில் தேடினால் கெர்னல் பதிப்பு என்று ஒரு வரி இருக்கும். அது 4.14 என்று தொடங்கினால் அந்தக் கெர்னலில் ஸ்டேட்எக்ஸ் உண்டு, டெம்ப்ஃபைல் உண்டு. குளோன்3 சோதனையை அதில் ஓடவிட்டால் முதலில் எண்ணைப் பார்க்கும், பிறகு வெறுங்கையோடு ஒருமுறை தட்டும், 38 வந்ததும் டிகான்ஃப் என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.